கிணற்றுத் தண்ணீர் அட்டவணையை எதில் திறப்பது? க்யூஜிஐஎஸ், ஜியோமேப்ஆப், சர்ஃபர், இன்னும் சில

மதுரைப் பக்கம் நிலவியலோ புவியியலோ படிக்கிறவர்களும், ஊர் ஊராகப் போய்த் தண்ணீர் மாதிரி எடுக்கிற குழுக்களும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். கையில் ஒரு எக்செல் கோப்பு இருக்கும். மேலூரில் தொடங்கி பேரையூர் வரை நூறு, இருநூறு கிணறுகள். ஒவ்வொன்றுக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை, ஆழம், நீர்மட்டம், பிஹெச், மின்கடத்துத்திறன், கால்சியம், மெக்னீசியம், சோடியம், பொட்டாசியம், பைகார்பனேட், குளோரைடு, சல்ஃபேட், நைட்ரேட், ஃப்ளூரைடு என்று நெடுவரிசைகள் நீண்டுகொண்டே போகும். இதை எந்த மென்பொருளில் போட்டுப் பார்ப்பது என்பதுதான் கேள்வி.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்கு க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள், அதனுடன் டேட்டா ப்ளாட்லி என்ற கிராஃப் போடும் ப்ளக்இன் (கூடுதல் இணைப்பு). இலவசம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, இலவசமாக வேறு சிலவும் இருக்கின்றன, காசு கொடுத்து வாங்கும் அருமையான மென்பொருள்களும் இருக்கின்றன. நான் வைத்திருக்கும் அளவுகோல் வேறு. அட்டவணையில் ஒரு வரியைத் தொட்டால் வரைபடத்தில் அந்தக் கிணறு மின்ன வேண்டும். கிராஃபில் கூட்டத்தை விட்டுத் தனியாக நிற்கும் நாலு புள்ளிகளை வளைத்துப் பிடித்தால், அந்த நாலும் எந்த ஊர் என்று வரைபடமும், அவற்றின் மற்ற எண்கள் என்ன என்று அட்டவணையும் அப்போதே காட்ட வேண்டும். அட்டவணை, கிராஃப், வரைபடம் மூன்றும் இப்படிக் கட்டுண்டு இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. வண்ணம், முப்பரிமாணம், அழகான அச்சு எல்லாம் அதற்கு அப்புறம்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், ஃப்ளூரைடை எடுத்துக்கொள்ளுங்கள். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 10500, 2012-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 1.5 வரை. நம் பக்கத்துப் பாறைகள் பெரும்பாலும் சார்னோக்கைட்டும் ஹார்ன்பிளெண்ட்-பயோடைட் நைஸும். பயோடைட், ஹார்ன்பிளெண்ட், அபடைட் போன்ற கனிமங்களிலிருந்து ஃப்ளூரைடு மெல்லத் தண்ணீரில் இறங்குகிறது. தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தால் ஃப்ளூரைடு அதனுடன் சேர்ந்து படிந்துவிடும், அளவு ஏறாது. கால்சியம் குறைந்து சோடியமும் பைகார்பனேட்டும் மேலோங்கிய தண்ணீரில்தான் ஃப்ளூரைடு தடையில்லாமல் ஏறும். அதனால் கால்சியத்தைக் கிடை அச்சிலும் ஃப்ளூரைடைச் செங்குத்து அச்சிலும் வைத்து ஒரு கிராஃப் போட்டால், இடது மேல் மூலையில் ஒரு சிறு கூட்டம் பிரிந்து நிற்கும் வாய்ப்பு அதிகம். அடுத்த கேள்வி உடனே வரும்: இவை எல்லாம் ஒரே பாறைப் பட்டையில் இருக்கின்றனவா, ஒரே கண்மாய்க்குக் கீழே இருக்கின்றனவா, அல்லது சிதறிக் கிடக்கின்றனவா? ஆழம் எவ்வளவு? கிராஃப் எக்செலிலும் வரைபடம் வேறெங்கோவும் இருந்தால், புள்ளியின் மேல் சுட்டியை வைத்து எண்ணைப் படித்து, அட்டவணையில் அந்த எண்ணைத் தேடி, கிணற்று எண்ணைக் குறித்துக்கொண்டு, வரைபடத்தில் அதைத் தேடி... நாலாவது புள்ளிக்குள் கேட்ட கேள்வியே மறந்துபோகும். மூன்றும் கட்டுண்ட மென்பொருளில் இது ஒரு வளைப்பு, அவ்வளவுதான்.

அட்டவணையை முதலில் சரி பாருங்கள்

மென்பொருளை ஒப்பிடுவதற்கு முன்னால் கோப்பைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே பேச வேண்டும், ஏனென்றால் “இந்த மென்பொருள் வேலை செய்யவில்லை” என்று வருகிற புகார்களில் பெரும்பகுதி கோப்பிலேயே இருக்கிறது. ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு கோளாறை ஒவ்வொரு விதமாகக் காட்டிக்கொடுக்கும் அல்லது மறைக்கும், அதுவும் ஒப்பீட்டில் சேர்த்திதான்.

மதுரையின் இருப்பிடம் 9 பாகை 55 நிமிடம் வடக்கு, 78 பாகை 7 நிமிடம் கிழக்கு என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். இதைச் சிலர் அப்படியே 9.55, 78.07 என்று தட்டிவிடுகிறார்கள். நிமிடத்தை அறுபதால் வகுத்து எழுத வேண்டும், அதாவது 9.917, 78.117. வகுக்காமல் விட்டால் மதுரைக் கிணறு நாற்பது கிலோமீட்டர் தெற்கே போய் அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடும். கடலில் விழுந்தால் பார்த்தவுடன் தெரியும், இது நிலத்திலேயே, நம் மாதிரியான ஊர்களுக்கு நடுவிலேயே விழுவதால் பலர் கவனிப்பதே இல்லை. கண்டுபிடிக்க எளிய வழி, தசமப் புள்ளிக்குப் பின் வரும் முதல் இரண்டு இலக்கங்களைப் பார்ப்பது. எல்லாக் கிணறுகளிலும் அது 60-க்குக் கீழேயே இருந்தால் சந்தேகப்படுங்கள்.

அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறினால் கதை வேறு. மதுரை, ஆர்க்டிக் பகுதியில் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே கடலில் போய் நிற்கும். நெடுவரிசை காலியாக இருந்து, அது சுழியமாகப் படிக்கப்பட்டால் ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் கினி வளைகுடா. இவை இரண்டும் சுலபம், முழு உலகத்துக்கும் விலக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது, அதை வெளியூர்ப் பாடக் காணொளிகள் எதுவும் சொல்வதில்லை. இடத்தைப் பாகையில் சொல்லாமல் மீட்டரில் சொல்லும் முறை யூடிஎம், அது உலகத்தை ஆறு பாகை அகல மண்டலங்களாகப் பிரிக்கிறது. அதில் 78 பாகைத் தீர்க்கரேகை ஒரு மண்டல எல்லை. அதற்கு மேற்கே 43-ஆம் மண்டலம், கிழக்கே 44. அந்தக் கோடு மதுரை நகரத்துக்கு மேற்கே, நாகமலைப் புதுக்கோட்டைக்கும் உசிலம்பட்டிக்கும் நடுவே, திருமங்கலத்தை ஒட்டி இறங்குகிறது. ஆக மேலூரும் மதுரையும் 44-இல், உசிலம்பட்டியும் பேரையூரும் வாடிப்பட்டியும் 43-இல். ஜிபிஎஸ் கருவியை யூடிஎம்மில் வைத்துக்கொண்டு மாவட்டம் முழுக்கச் சுற்றினால், அது தானாகவே மண்டலத்தை மாற்றிக்கொண்டு எண்களைக் கொடுக்கும். எழுதுகிறவர் மண்டல எண்ணை எழுதாமல் விட்டால் உசிலம்பட்டிக் கிணறு ஆறு பாகை கிழக்கே தள்ளி, இலங்கையையும் தாண்டி வங்கக்கடலில் விழும். க்யூஜிஐஎஸ்ஸில் ஒரு லேயருக்கு, அதாவது ஒரு வரைபட அடுக்குக்கு, ஒரு மண்டலம்தான், அதனால் இரண்டு கோப்பாகப் பிரித்து ஏற்றி, பிறகு பாகை முறைக்கு மாற்றி ஒன்று சேர்க்க வேண்டும். இந்த வம்பே வேண்டாம் என்றால் களத்திலேயே கருவியைத் தசமப் பாகையில் வைத்துவிடுங்கள். நாலு தசம இலக்கம் இருந்தால் சுமார் 11 மீட்டர், அது போதும். இரண்டு இலக்கத்தோடு நிறுத்தினால் ஒரு கிலோமீட்டர் வரை பிசகலாம், ஒரு ஊர்க் கிணறு அடுத்த ஊரில் நிற்கும்.

பழைய சர்வே ஆஃப் இந்தியா டோப்போ தாளிலிருந்து இடங்களை எடுத்தால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நம் மாவட்டம் ஒரே தாளில் அடங்காது, மதுரை நகரம் 58கே வரிசையில், மேலூர் 58ஜே, உசிலம்பட்டி 58ஜி. அந்தப் பழைய தாள்கள் எவரெஸ்ட் நீள்கோளம் என்ற பூமி வடிவக் கணக்கை வைத்து வரைந்தவை, ஜிபிஎஸ் கொடுப்பது டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறு கணக்கு. இரண்டையும் அப்படியே கலந்தால் கிணறு தெருவைத் தாண்டும்.

எக்செல் செய்யும் ஒரு வேலையையும் சொல்ல வேண்டும். சர்வே எண் 12/3 என்று தட்டினால் அதைத் தேதி என்று எடுத்துக்கொண்டு மாதப் பெயரோடு மாற்றிவிடும். கிணற்று எண்ணை 5-12 என்று வைத்தாலும் அதே கதி. தட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை எழுத்து வகையாக மாற்றி வையுங்கள், பிறகு மாற்றினால் பழைய எண் திரும்பி வராது. ஊர்ப் பெயர்களைத் தமிழில் எழுதியிருந்தால் சேமிக்கும்போது வெறும் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த உரைக் கோப்பு) என்பதைத் தேர்ந்தெடுக்காதீர்கள், சிஎஸ்வி யூடிஎஃப்-8 என்று தனியாக ஒன்று இருக்கும், அதைத்தான் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் செக்கானூரணியும் அலங்காநல்லூரும் கேள்விக்குறி வரிசையாக வரும்.

கடைசியாக, ஆய்வகத் தாளில் “பிடிஎல்” என்றோ “0.2-க்குக் கீழே” என்றோ வரும் எண்கள். கருவியால் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைவு என்று பொருள். இதை அப்படியே நெடுவரிசையில் விட்டால் ஒரே ஒரு வரிக்காக அந்த முழு நெடுவரிசையும் எண் அல்ல, எழுத்து என்று க்யூஜிஐஎஸ் முடிவு செய்யும், ஃப்ளூரைடை வைத்து நிறம் பிரிக்கப் போனால் பட்டியலில் ஃப்ளூரைடே இருக்காது. எரிச்சலாக இருந்தாலும் நல்லதுதான், கோளாறு வெளியே தெரிகிறது. பைத்தான் நிரல்மொழியில் இதே நெடுவரிசையை வலுக்கட்டாயமாக எண்ணாக மாற்றும் ஒரு தேர்வு உண்டு, அது அந்த வரிகளைச் சத்தமில்லாமல் காலியாக்கிவிடும், நூறு கிணறு எண்பத்தைந்து கிணறாகி சராசரி ஏறிவிடும், யாருக்கும் தெரியாது. எண்ணுக்கு ஒரு நெடுவரிசை, “கண்டறியவில்லை” என்ற குறிப்புக்குப் பக்கத்திலேயே இன்னொன்று என்று பிரித்து வைப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. பலரும் கண்டறியும் எல்லையில் பாதியை எண்ணாகப் போடுகிறார்கள். போடலாம், ஆனால் போட்டது எது என்று அந்தப் பக்கத்து நெடுவரிசை சொல்ல வேண்டும்.

முதல் பார்வைக்கு ஜியோமேப்ஆப்

அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் லமோன்ட்-டோஹர்ட்டி புவி ஆய்வகத்தில் உருவானது. இலவசம், ஜாவாவில் ஓடுவது. நம் ஊரில் இதைத் தெரிந்தவர்கள் குறைவு, அது எனக்கு வருத்தம்தான். நான் சொன்ன மூன்றும் கட்டுண்டு இருக்கும் அந்த ஒரு குணத்தை வைத்தே கட்டிய மென்பொருள் இது. எக்செலிலிருந்து வெட்டி ஒட்டினாலே போதும், தீர்க்கரேகை எது, அட்சரேகை எது என்று சொன்னால் புள்ளிகள் வந்துவிடும், கீழே அட்டவணை திறக்கும். ஃப்ளூரைடுக்கு ஏற்ப நிறம், மின்கடத்துத்திறனுக்கு ஏற்ப புள்ளியின் அளவு, இரண்டு நெடுவரிசைக்கு ஒரு கிராஃப் எல்லாம் ஒவ்வொரு பொத்தான்தான். கிராஃபில் வளைத்தால் வரைபடத்திலும் அட்டவணையிலும் அந்தக் கிணறுகள் எடுப்பாகத் தெரியும். ப்ளக்இன் தேட வேண்டாம், லேயர், புரொஜெக்ஷன் என்று எதுவும் படித்திருக்க வேண்டாம். முதலாண்டு மாணவருக்கு ஒரே அமர்வில் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

ஆனால் இது பிறந்தது கடலடி ஆய்வுக்காக. அடித்தளமாக வருவது உலக நிலத்தோற்றமும் கடலடித் தோற்றமும். நம் கண்மாய், தெரு, பஞ்சாயத்து எல்லை எதுவும் அதில் இருக்காது. ஆகவே ஒரு கிணறு கழிவுநீர் ஓடைக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை. அடித்தளம் இணையத்திலிருந்து வருவதால் இணையம் இல்லாத ஆய்வகத்தில் சரிப்படாது. அச்சுக்குப் போகும் வரைபடத்துக்கும் இது இல்லை. மன்னார் வளைகுடாவில் வண்டல் மாதிரி எடுத்தவர்கள், நிலநடுக்கப் பட்டியலையும் பாறை வேதியியல் தொகுப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியவர்கள் இதை முதன்மையாகவே வைத்துக்கொள்ளலாம், அவற்றையெல்லாம் உள்ளிருந்தே இறக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது. கிணற்றுத் தண்ணீர்க்காரர்களுக்கு இது முதல் நாள் கருவி: கோப்பு வந்தவுடன் திறந்து, எது விலகி நிற்கிறது, எது தப்பு எண் என்று சலித்து எடுக்க.

தினசரி வேலைக்கு க்யூஜிஐஎஸ்

2002-இல் கேரி ஷெர்மன் தொடங்கிய திட்டம், இன்று உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் வளர்க்கிறார்கள். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். கல்லூரிக் கணினியில் போடுகிறவர்கள் புதுப் பதிப்பின் பின்னால் ஓடாமல் நீண்டகால ஆதரவுப் பதிப்பைப் போடுங்கள், பாடம் நடத்தும் நடுவில் மெனு மாறாமல் இருக்கும்.

சிஎஸ்வியை இழுத்துப் போடாதீர்கள். லேயர் மெனுவில் பிரித்தெழுதிய உரை லேயரைச் சேர்க்கும் பகுதிக்குப் போய் ஏற்றுங்கள். அங்கேதான் எக்ஸ் எது, ஒய் எது, பாகை-நிமிட-விகலையாக இருக்கிறதா, எந்த எழுத்துமுறை, எந்த ஆய அமைப்பு என்று எல்லாம் ஒரே பக்கத்தில் கேட்கும், கீழே முதல் சில வரிகள் எப்படிப் படிக்கப்படுகின்றன என்று மாதிரியும் காட்டும். மேலே சொன்ன கோளாறுகளில் பாதி இந்தப் பக்கத்திலேயே கண்ணில் பட்டுவிடும். எக்ஸ் என்றால் தீர்க்கரேகை, நமக்கு 77 அல்லது 78-இல் தொடங்குவது.

நிறம் பிரிக்கும்போது ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். மென்பொருள் தானாகத் தரும் பிரிவுகளை ஏற்காதீர்கள். இயல்பு இடைவெளியோ சம எண்ணிக்கையோ, எதை எடுத்தாலும் அது உங்கள் எண்களை மட்டும் பார்த்து வெட்டும், குடிக்கிறவர் உடம்பைப் பார்த்து வெட்டாது. ஐஎஸ் 10500-இன் எல்லைகளையே வையுங்கள், எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராமில். ஃப்ளூரைடுக்கு 1, 1.5. நைட்ரேட்டுக்கு 45. கரைந்த திடப்பொருளுக்கு 500, 2000. மொத்தக் கடினத்தன்மைக்கு 200, 600. கையால் தட்டுங்கள். அப்போதுதான் மே மாத வரைபடத்தையும் ஜனவரி வரைபடத்தையும் பக்கத்தில் வைத்தால் ஒரே நிறம் ஒரே பொருள் தரும்.

டேட்டா ப்ளாட்லியை ப்ளக்இன் மெனுவில் தேடி ஒரு தடவை நிறுவினால் போதும். சிதறல் கிராஃப், பெட்டிப் படம் (பாக்ஸ் ப்ளாட்), அலைவெண் பட்டை (ஹிஸ்டோகிராம்), முக்கோண கிராஃப் எல்லாம் தரும். கிராஃபில் பிடித்த புள்ளிகள் லேயரில் தேர்வாகும், அட்டவணையில் மேலே கொண்டுவரலாம். தேர்ந்தெடுத்த கிணறுகளை மட்டும் வைத்து இன்னொரு கிராஃப் போடலாம், வரைபடத்தில் திருமங்கலம் பக்கத்துக் கிணறுகளை மட்டும் பிடித்து அவற்றின் கிராஃபை மட்டும் பார்க்கலாம். ஜியோமேப்ஆப்பை விட இரண்டு மூன்று சொடுக்கு அதிகம்தான். அதற்குப் பதிலாகக் கிடைப்பது பெரிது: இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பூகோஷ் தளத்திலிருந்து பாறை வரைபடத்தை இறக்கி அடியில் போடலாம், 2000-இல் விண்ணோடம் அளந்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவைப் போடலாம், கண்மாய்களை வரைந்து போடலாம், ஒவ்வொரு கிணற்றுக்கும் அடியில் என்ன பாறை என்று அட்டவணையிலேயே புது நெடுவரிசையாகச் சேர்க்கலாம். அப்புறம் பெட்டிப் படத்தில் சார்னோக்கைட் கிணறுகளின் ஃப்ளூரைடு ஒரு பக்கம், நைஸ் கிணறுகள் ஒரு பக்கம். இந்த இடத்துக்கு வந்துவிட்டால் ஆய்வேடு பாதி எழுதிய மாதிரி.

இன்னொன்று, அயனிச் சமநிலை, அதாவது தண்ணீரில் நேர்மின், எதிர்மின் அயனிகள் ஏறத்தாழச் சமமாக வருகின்றனவா என்ற சோதனை. கால்சியத்தை 20.04-ஆல், மெக்னீசியத்தை 12.15-ஆல், சோடியத்தை 22.99-ஆல், பொட்டாசியத்தை 39.1-ஆல் வகுத்துக் கூட்டினால் நேர்மின் பக்கம். பைகார்பனேட்டை 61.02, குளோரைடை 35.45, சல்ஃபேட்டை 48.03, நைட்ரேட்டை 62-ஆல் வகுத்துக் கூட்டினால் எதிர்மின் பக்கம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மொத்தத்தால் வகுத்துச் சதவீதமாக்கினால், 5-க்குள் இருந்தால் நல்ல பகுப்பாய்வு, 10-ஐத் தாண்டினால் அந்த வரியை நம்பாதீர்கள். புலக் கணிப்பானில் (ஃபீல்டு கால்குலேட்டர்) இதை ஒரு மெய்நிகர் நெடுவரிசையாக எழுதிவைத்து, 10-க்கு மேல் போன கிணறுகளுக்கு மட்டும் வேறு வடிவப் புள்ளி கொடுத்துவிடுங்கள். தப்பு எல்லாம் ஒரே நாளில் எடுத்த மாதிரிகளிலா, ஒரே பக்கத்து ஊர்களிலா என்று வரைபடமே காட்டும்.

குறை இல்லாமல் இல்லை. பைப்பர் படம், அதாவது தண்ணீரின் அயனி விகிதங்களைக் காட்ட 1944-இல் ஆர்தர் பைப்பர் கொடுத்த அந்த இரண்டு முக்கோணமும் ஒரு சாய்சதுரமும், டேட்டா ப்ளாட்லியில் கிடையாது. முக்கோணம் மட்டும்தான் வரும். நீர்வேதியியல் ஆய்வேட்டில் பைப்பர் இல்லாமல் யாரும் விடமாட்டார்கள், அதற்கு வேறு இடம் போகத்தான் வேண்டும். அப்புறம் சேமிக்கும்போது பழக்கதோஷத்தில் ஷேப்ஃபைலாகச் சேமிக்காதீர்கள். அதில் நெடுவரிசைப் பெயருக்குப் பத்து எழுத்துதான் இடம், ஆங்கிலத்தில் நைட்ரேட் என்று எழுதி ஆண்டையும் மாதத்தையும் சேர்த்தால் வால் வெட்டுப்பட்டு எது எந்த மாதம் என்று தெரியாமல் போகும். ஜியோபேக்கேஜ் என்று சேமித்தால் இந்தத் தொல்லை இல்லை.

எஸ்ரி நிறுவனத்தின் கட்டண மென்பொருளான ஆர்க்ஜிஐஎஸ் ப்ரோ பற்றிச் சுருக்கமாக. மூன்றும் கட்டுண்டு இருப்பதில் க்யூஜிஐஎஸ்ஸுக்குக் குறைந்தது இல்லை, கிராஃப் உள்ளேயே இருக்கிறது, ப்ளக்இன் தேவையில்லை, புவிப் புள்ளியியல் பகுதி மிக நன்றாக இருக்கும். உங்கள் அலுவலகமோ பல்கலைக்கழகமோ உரிமம் வாங்கி வைத்திருந்தால் அதிலேயே இருங்கள், மாற வேண்டிய காரணம் எதுவும் இல்லை. சொந்தக் காசில் வாங்கப் பார்க்கிறீர்கள் என்றால் வேண்டாம், கிணற்று அட்டவணைக்கு அது தேவையே இல்லை. விண்டோஸில் மட்டும்தான் ஓடும், உரிமம் முடிந்ததும் நீங்கள் செய்த திட்டக் கோப்பைத் திறக்கவே வழியில்லாமல் போகும். படிப்பு முடிந்து ஊருக்குப் போகிற மாணவர் இதை யோசிக்க வேண்டும். பழைய ஆர்க்மேப்பில் இன்னும் பாடம் நடத்துகிறவர்களுக்கு ஒரு தகவல்: அதற்கான ஆதரவின் கடைசி நாள் 2026 மார்ச் 1 என்று எஸ்ரி நிறுவனம் முன்பே அறிவித்துவிட்டது.

சர்ஃபரும் கான்டூர் மோகமும்

இங்கேதான் எனக்குப் பலரோடு கருத்து வேறுபாடு. கோல்டன் சாஃப்ட்வேர் நிறுவனத்தின் சர்ஃபர் நல்ல மென்பொருள். புள்ளிகளைக் கொடுத்தால் கிரிகிங் முறையில் கட்டம் போட்டு வழவழவென்று கான்டூர், அதாவது சம மதிப்புக் கோடுகள், வரைந்து தரும், தூரம் கூடக்கூட மதிப்புகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று காட்டும் வேரியோகிராமை நாமே பொருத்திப் பார்க்கலாம், குறுக்குச் சரிபார்ப்பு செய்யலாம். கேள்வி மென்பொருளைப் பற்றியது இல்லை, நம் நிலத்தைப் பற்றியது.

கிரிகிங் என்ற பெயர் தென்னாப்பிரிக்கச் சுரங்கப் பொறியாளர் டேனி கிரிகிலிருந்து வந்தது. தங்கச் சுரங்கத்தில் பக்கத்துப் பக்கத்துத் துளைகளின் மதிப்புகளுக்குள் இருக்கும் உறவை வைத்து நடுவில் இருப்பதை மதிப்பிட்டார்கள். பக்கத்தில் இருப்பவை ஒன்றுக்கொன்று ஒத்திருக்கும் என்பதுதான் அடிப்படை. மதுரை வட்டாரம் கெட்டிப் பாறை. தண்ணீர் இருப்பது மேலே சிதைந்த மண்டலத்திலும் கீழே வெடிப்புகளிலும். இந்த வயலில் 300 அடியில் தண்ணீர், வரப்புக்கு அந்தப் பக்கம் 800 அடி போட்டும் புழுதிதான் என்பது இங்கே எந்த விவசாயிக்கும் தெரிந்த கதை. தரமும் அப்படித்தான், ஒரு வெடிப்பின் தண்ணீரும் இன்னொரு வெடிப்பின் தண்ணீரும் ஒன்றையொன்று பார்த்திருக்காது. மாவட்டம் சுமார் 3,700 சதுர கிலோமீட்டர். நூறு கிணறு என்றால் 37 சதுர கிலோமீட்டருக்கு ஒன்று. நடுவில் இருக்கும் ஊர்களை எல்லாம் கான்டூர் தானாக நிரப்பிவிடுகிறது. கிணறே இல்லாத அழகர்மலை உச்சிக்கும் ஃப்ளூரைடு அளவு சொல்லும். பார்க்கிறவர் அதை அளந்த எண் என்றே நம்புவார். “உங்கள் ஊர் பச்சை நிறத்தில் இருக்கிறது, பயப்படாதீர்கள்” என்று ஒருவர் சொல்லி, அந்த ஊரில் ஒரு மாதிரிகூட எடுக்காமல் இருந்திருந்தால் அந்தப் பச்சை யாருக்கு உதவும்?

எதற்குச் சரி என்றும் சொல்கிறேன். புவியீர்ப்பு, காந்தப்புல அளவீடுகள் இயல்பாகவே இடத்துக்கு இடம் சீராக மாறுபவை, அவற்றுக்கு சர்ஃபர் பொருத்தம். திறந்த கிணறுகளின் நீர்மட்டத்தைத் தரையிலிருந்து ஆழமாக வைக்காமல் கடல்மட்டத்திலிருந்து உயரமாக மாற்றிக்கொண்டு வரைந்தால் ஓரளவு பொருள் இருக்கும், வைகைக் கரை வண்டலில் இன்னும் நன்றாக இருக்கும். ஆழ்துளைக் கிணற்று ஃப்ளூரைடுக்கோ நைட்ரேட்டுக்கோ கான்டூர் வேண்டாம், நிறப் புள்ளியே நேர்மையானது. ஆய்வு வழிகாட்டி பிடிவாதமாகக் கேட்டால் போட்டுக் கொடுங்கள், ஆனால் அதன் மேல் கிணற்றுப் புள்ளிகளையும் கட்டாயம் வையுங்கள், கிணறு இல்லாத மலைப்பகுதியை வெட்டி எடுத்துவிடுங்கள். க்யூஜிஐஎஸ்ஸில் உள்ள ஐடிடபிள்யூ முறையும் (பக்கத்துக் கிணற்றுக்கு அதிக எடை கொடுத்து நடுவில் இருப்பதைக் கணிப்பது) இதே வகைதான், அது ஒவ்வொரு கிணற்றையும் சுற்றி வட்டம் வட்டமாகப் போடும். அந்த வட்டங்கள் கணக்கில் பிறந்தவை, நிலத்தில் இல்லை.

கூகுள் எர்த், பைத்தான்

கூகுள் எர்த் ப்ரோ 2015 முதல் இலவசம். சிஎஸ்வியை உள்ளே கொண்டுவரலாம், ஆனால் கிராஃப் கிடையாது, ஆராய்வதற்கு இது கருவி இல்லை. இரண்டு வேலைக்கு மட்டும் இதற்கு இணை இல்லை. ஒன்று, இடத்தைச் சரிபார்ப்பது: புள்ளியின் மேல் இறங்கிப் பார்த்தால் கிணறு வயலில் இருக்கிறதா, கண்மாய்க்குள் நிற்கிறதா, வீட்டுக் கூரை மேல் இருக்கிறதா என்று தெரியும், பழைய ஆண்டுப் படங்களையும் புரட்டிப் பார்க்கலாம். இன்னொன்று, மற்றவர்களுக்குக் கொடுப்பது. க்யூஜிஐஎஸ்ஸிலிருந்து கேஎம்எல் கோப்பாக எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கைபேசியில் கூகுள் எர்த் வைத்திருப்பவர் திறந்து தன் ஊரைப் பார்த்துக்கொள்வார்.

பைத்தான் வேறு வகை. பாண்டாஸ், ஜியோபாண்டாஸ், மேட்ப்ளாட்லிப் என்ற அதன் நிரல் தொகுப்புகள் மூன்றும் தெரிந்தால் எதையும் செய்யலாம், பைப்பர் படம் உட்பட. கூகுள் கோலாப்பில் உலாவியிலேயே ஓடும், பழைய மடிக்கணினியே போதும். ஆனால் புள்ளியை வளைத்துப் பிடித்து இது யார் என்று கேட்கும் அந்த உரையாடல் இதில் இயல்பாக வராது, ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரி எழுத வேண்டும். இது ஜொலிப்பது திரும்பத் திரும்பச் செய்யும் வேலையில். ஒவ்வொரு ஆண்டும் கோடையில் ஒரு தடவை, வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில் ஒரு தடவை அதே கிணறுகளில் மாதிரி எடுக்கிறீர்கள் என்றால், அயனிச் சமநிலை முதல் பைப்பர் வரை ஒரு தடவை எழுதிவைத்துவிட்டு அடுத்த முறை கோப்பின் பெயரை மட்டும் மாற்றினால் போதும். யார் கேட்டாலும் எந்தக் கணக்கு எப்படிப் போட்டது என்று காட்டவும் முடியும். ஒரே ஒரு தடவை எடுத்த ஐம்பது மாதிரிக்காகப் பைத்தானைப் புதிதாகப் படிக்க உட்காராதீர்கள்.

ஆக முதுகலை ஆய்வேடு செய்பவர் என்றால் ஜியோமேப்ஆப்பில் சலித்து, க்யூஜிஐஎஸ்ஸில் வேலை செய்து, பைப்பருக்கு மட்டும் பைத்தான் தெரிந்த நண்பரைப் பிடியுங்கள். ஆண்டுக்கணக்கில் தொடரும் குழு என்றால் ஒருவராவது பைத்தான் பழகிக்கொள்ளுங்கள். கிராமசபையில் வைக்கப் போகிறீர்கள் என்றால் க்யூஜிஐஎஸ்ஸின் அச்சு வடிவமைப்பில் பெரிய தாளாக எடுங்கள்: தெரு, கண்மாய், கோவில், ஒவ்வொரு கிணற்றின் மேலும் அதன் எண், மூன்றே நிறம். மக்கள் முதலில் தங்கள் தெருக் கிணற்றைத்தான் தேடுவார்கள், அது கிடைத்தால்தான் அடுத்த பேச்சு. எழுத்தெல்லாம் தமிழில் இருக்கட்டும். பிடிஎஃப் ஆக எடுக்கும்போது எழுத்தை எப்போதும் கோட்டுருவாகவே எடுக்கும் தேர்வை வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அச்சகத்துக் கணினியில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகப் பிரிந்து வரும்.